தெல்மா அழித்த பாட்டு

தெல்மா ரிட்ஜ்வே கையில் கடிகாரம் கட்டி, இங்கிலாந்தின் கடலோர ஊரான ஹேஸ்டிங்ஸில் ஒருவரும் பார்த்ததில்லை. மணி கேட்டால் ஜன்னல் வழியாகக் கடலை ஒரு பார்வை பார்ப்பாள், "பத்தரை இருக்கும்" என்பாள். பத்து இருபத்தெட்டாக இருக்கும். பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்திரண்டு வருஷம் முந்நூறு பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு போட்டவள், ஒரு நாள்கூட நேரம் தப்பியதில்லை. இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்குப் புருஷன் கென் ஆசை ஆசையாக ஒரு கடிகாரம் வாங்கிக் கொடுத்தார். அது டப்பாவை விட்டு வெளியே வரவே இல்லை. "கட்டித்தான் பாரேன் தெல்மா, கடிச்சா வைக்கும்?" என்று அந்த நல்ல மனுஷன் சாகிறவரை கேட்டுக்கொண்டிருந்தார். "பழக்கமில்லப்பா" என்பதைத் தவிர அவள் வாயிலிருந்து வேறொன்றும் வரவில்லை.

அந்தப் பழக்கம் விட்டுப்போன இடம் லண்டனில் ஒரு வானொலி நிலையத்தின் அடித்தளம். வருஷம் 1969. தெல்மாவுக்குப் பத்தொன்பது வயது. காகிதத்தில் அவளுடைய வேலைக்கு டேப் உதவியாளர் என்று பெயர். செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, மேலே இருந்து இறங்கி வரும் டேப்புகளை அழிப்பது.

மேஜை உயரத்துக்கு ஒரு இயந்திரம். ரீலை அதன்மேல் வைத்துக் காலால் கட்டையை மிதித்தால் உள்ளே இருக்கும் காந்தம் 'ம்ம்ம்' என்று உறுமும். ரீலை மூன்று சுற்று சுற்றி, மெதுவாகத் தூக்கி, ஒரு கை தூரம் கொண்டுபோன பிறகுதான் காலை எடுக்க வேண்டும். அவ்வளவுதான். அரை மணி நேரப் பேச்சோ பாட்டோ பதினைந்து நொடியில் போயே போச்சு. முதல் மாதத்திலேயே அந்தக் காந்தம் அவளுடைய மூன்று கடிகாரங்களைக் காவு வாங்கிவிட்டது. நாலாவதை அவள் வாங்கவில்லை.

பெட்டியில் சிவப்புச் சீட்டு ஒட்டியிருந்தால் தொடக்கூடாது, அது காலத்துக்கும் இருக்க வேண்டியது. வெள்ளைச் சீட்டு என்றால் அழி. சிவப்புச் சீட்டு யாருக்குக் கிடைத்தது தெரியுமா? மந்திரிகளின் உரைக்கு, பாதிரிமாரின் பிரசங்கத்துக்கு, ஞாயிற்றுக்கிழமைத் தோட்டக்கலைப் பேச்சுக்கு. ராக் குழுக்களுக்கு வெள்ளைதான். அந்தப் பையன்கள் ஓட்டை வேனில் வந்து மத்தியானம் இறங்குவார்கள், சாயங்காலத்துக்குள் நாலு பாட்டு பதிவாக வேண்டும். அது ஒரு தடவை ஒலிபரப்பாகும், அதிர்ஷ்டம் இருந்தால் இன்னொரு தடவை. அதற்குமேல் போடக்கூடாது என்று பாட்டுக்காரர் சங்கத்தோடு ஒப்பந்தம். போடக்கூடாததை வைத்துக்கொண்டு என்ன செய்வது? புது டேப்போ கொள்ளை விலை. அழித்து, அதே டேப்பில் அடுத்த குழுவைப் பதிவு செய்தார்கள். இன்று உட்கார்ந்து தலையில் அடித்துக்கொள்கிறோம். அன்றைக்கு அது யாருக்கும் பெரிய விஷயமாகப் படவில்லை.

தெல்மாவுக்கும் படவில்லை, அந்த அக்டோபர் மத்தியானம் வரைக்கும்.

அழித்த டேப்புகளைத் தள்ளுவண்டியில் வைத்து மேலே பதிவறைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவள் வேலை. அன்று கதவைத் திறந்து உள்ளே போனாள், பின்னாலேயே சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. விளக்கு எரிந்தால் எறும்புகூட நகரக்கூடாது. தும்மல் வந்தாலும் விழுங்கிக்கொள்ள வேண்டியதுதான். தள்ளுவண்டியைப் பிடித்தபடி கண்ணாடிச் சுவருக்கு இந்தப்பக்கம் நின்றாள். அந்தப்பக்கம் நாலு பையன்கள். விகன் ஊர்க்காரர்கள், குழுவுக்கு 'லாக்கீப்பர்ஸ்' என்று பெயர். கால்வாயில் மதகு திறந்து படகுகளை ஏற்றி இறக்குகிற காவல்காரர்கள் என்று அர்த்தம், பாடகன் லென்னி ஹாரப்பின் அப்பாவுக்கு அதுதான் பிழைப்பு. பாட்டின் பெயர் 'தண்ணீர் ஏறட்டும்'.

தெல்மாவுக்கு அதுவரை பாட்டு என்றால் டான்ஸ் ஆட ஒரு சாக்கு. இது அப்படி இல்லை. கிதார் ஒரு பக்கம் முரட்டுத்தனமாக இழுக்க, டிரம்ஸ்காரன் நெவில் க்ராப்ட்ரீ அதைக் கட்டிப் பிடித்து நிறுத்த, நடுவில் லென்னியின் குரல் அவசரமே இல்லாமல் வந்தது. அவள் கையில் மயிர்க்கூச்செறிந்தது. பாட்டு முடிகிறது என்று நினைத்த இடத்தில் லென்னி, மற்ற மூன்று பேருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டே, இடது உள்ளங்கையை விரித்தான். 'நிறுத்துங்கள்' என்று அர்த்தம். கிதார் நின்றது. டிரம்ஸ் நின்றது. அவன் மட்டும் வாயை மூடிக்கொண்டு முனகலாக ஏற ஆரம்பித்தான். ஒரு சுரம், அங்கே நின்று ஒரு மூச்சு. அடுத்த சுரம், இன்னொரு மூச்சு. மதகுக்குள் தண்ணீர் ஏறுவதுபோல, ஒவ்வொரு அங்குலமாக. ஏழாவது சுரம் வரை ஏறினான். எட்டாவதற்கு மூச்சை இழுத்தான், பாடாமல் விட்டுவிட்டான்.

அப்புறம் ஒரு பத்து நொடி ஒன்றுமே இல்லை. அந்தப் பத்து நொடியில் பாடாத அந்த எட்டாவது சுரம் தெல்மாவுக்குக் கேட்டது. சத்தியமாகக் கேட்டது! கண்ணீர் எதற்கு வருகிறது என்றே தெரியாமல் தள்ளுவண்டிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

விளக்கு அணைந்ததும் பதிவாளர் பெட்டியை எடுத்து எண்ணை எழுதினார். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் அவளுடைய கையால் போட்ட டிக் இருந்தது. காலையில் அவளே அழித்துச் சுத்தம் செய்து அனுப்பிய ரீல் அது. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒலிபரப்பானது. ஆக்டனில் வாடகை அறையில் வீட்டுக்காரியின் ரேடியோவை இரவல் வாங்கி, காதை ஒட்டவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். செய்தி நேரம் நெருங்கிவிட்டதாம். லென்னி முனக ஆரம்பித்த மாத்திரத்தில் அறிவிப்பாளர் பாட்டைத் தாழ்த்திவிட்டு, "நன்றி லாக்கீப்பர்ஸ்" என்று மேலே பேச ஆரம்பித்துவிட்டார். படுபாவி! தெல்மா செருப்பைக் கழற்றி ரேடியோமேல் எறியப் போனாள், வீட்டுக்காரியின் சொத்தாயிற்றே என்று விட்டாள்.

ஆக, அந்த முடிவு இருந்தது ஒரே ஒரு ரீலில். அது வெள்ளைச் சீட்டோடு அடித்தளத்துக்கு வந்து சேர்ந்தது.

சாதுவான பெண், பொய் சொன்னால் காது சிவந்துவிடும். அவள் அன்று ஒரு திருட்டு வேலை செய்தாள். அலமாரியில் தோட்டக்கலைப் பேச்சு ஒன்று சிவப்புச் சீட்டோடு இருந்தது, ரோஜாச்செடியை எப்போது வெட்டிவிட வேண்டும் என்று யாரோ ஒரு பெரியவர் பேசியது. இரண்டு ரீல்களையும் பெட்டி மாற்றினாள். ரோஜாவை அழித்தாள். லென்னி சிவப்புச் சீட்டுப் பெட்டிக்குள் பத்திரமாக அலமாரி ஏறினான். இனி நூறு வருஷத்துக்கு ஒருவரும் தொடமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள். அன்று வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

பிப்ரவரியில் மேலே யாரோ ஒரு அதிகாரிக்கு ஞானம் பிறந்தது. தோட்டக்கலைப் பேச்சை எதற்குக் காலத்துக்கும் வைத்திருக்க வேண்டும்? நாற்பது பெட்டி, சிவப்புச் சீட்டைக் கிழித்து வெள்ளைச் சீட்டு ஒட்டி, ஒரே குவியலாக அடித்தளத்துக்கு இறங்கியது. ஐந்து மணிக்குள் வேண்டும் என்று கூடவே தொலைபேசி. தெல்மா இயந்திரத்தோடு இயந்திரமானாள். பெட்டியைத் திற, ரீலை வை, மிதி, சுற்று, தூக்கு, அடுத்தது. கை தானாக ஓடிக்கொண்டிருந்தது, மனசு எங்கோ இருந்தது. இருபத்தெட்டோ இருபத்தொன்பதோ, ஒரு ரீலைத் தூக்கிக் காலை எடுத்த பிறகுதான் அது வந்த பெட்டியின் எண் கண்ணில் பட்டது. அந்த ரோஜாப் பெட்டி.

உறுமல் நின்றுவிட்டது. அவள் நின்றாள். அந்த ரீலை ஓட்டிக் கேட்டாள். கேட்டாள் என்ன கேட்டாள், ஒன்றுமில்லை. முதலிலிருந்து கடைசிவரை ஒன்றுமில்லை. அவ்வளவு சுத்தமாக அவள் அதுவரை எதையும் அழித்ததில்லை.

நடந்தது யாருக்கும் தெரியாது, அதனால் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அடுத்த மாதம் வேலையை விட்டாள். இரண்டு வருஷம் கழித்து லாக்கீப்பர்ஸின் வேன் ஒரு மழை நாளில் நெடுஞ்சாலையில் கவிழ்ந்து லென்னி ஹாரப் போய்ச் சேர்ந்தான் என்று செய்தித்தாளில் நாலு வரி வந்தது. அந்தப் பாட்டு இசைத்தட்டாக வந்ததே இல்லை. தெல்மா தபால்காரர் கென்னைக் கல்யாணம் செய்துகொண்டு ஹேஸ்டிங்ஸுக்கு வந்தாள், பிள்ளை பெற்றாள், உருளைக்கிழங்கு உரித்தாள். தினமும் காலையில் முதல் மணி அடிப்பதற்கு முன், உருளைக்கிழங்குத் தொட்டியின் முன் நின்றுகொண்டு, அந்த ஏழு சுரத்தையும் மனசுக்குள் ஒரு தடவை ஏறிவிடுவாள். வாய் திறந்து பாடியதில்லை. தன் கரகரத் தொண்டை பட்டால் அது மாறிப்போய்விடுமோ என்று பயம். கென்னிடம்கூடச் சொன்னதில்லை. "வானொலியில கணக்கெழுதுற வேலை" என்று ஒரு பொய், காது சிவக்கச் சிவக்கச் சொன்னது, கடைசிவரை அதுவே நின்றுவிட்டது.

கென் போன மறு வருஷம், ஹேஸ்டிங்ஸின் பழைய நகரப் பகுதியில் டங்கனின் ரெக்கார்டுக் கடை வாசலில் அவள் கால் நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு புது இசைத்தட்டு. வேறொரு குழு, அதே 1969, 'வானொலிப் பதிவுகள்' என்று போட்டிருந்தது. உள்ளே போய்த் திருப்பிப் பார்த்தாள். பின்னட்டையில் தேதி. அவள் அழித்தது! யாரோ ஒரு பள்ளிக்கூடப் பையன் அன்று வீட்டில் ரேடியோ முன் மைக்கை நீட்டிப் பிடித்துப் பதிவு செய்து வைத்திருந்தானாம். பையனுக்கு இப்போது அறுபத்தைந்து வயது. பரணிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறான்.

"இதை வாங்கிக்கிறேன்" என்றாள்.

"பிளேயர் என்ன வச்சிருக்கீங்க?" என்று கேட்டான் டங்கன்.

"பிளேயர் இல்லை."

டங்கன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு கடையின் மூலையில் கிடந்த பழைய பிளேயர் ஒன்றைத் தூசி தட்டி அவளுக்குக் கொடுத்தான். வீட்டில் ஊசியை வைத்தாள். சர்ரென்று இரைச்சல், அதற்குள்ளிருந்து கிதார், குரல். பின்னால் எங்கோ அந்தப் பையனின் வீட்டு நாய் குரைத்தது. தெல்மா சமையலறை நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தன் கையால் கொன்று புதைத்தது எழுந்து வந்து பாடினால் யாருக்குத்தான் கை கால் ஓடும்! அதை முழுக்கக் கேட்டாள், எழுந்து முகம் கழுவினாள், மறுபடி முதலிலிருந்து வைத்தாள்.

அதற்குப் பிறகு எட்டு வருஷம். ஒவ்வொரு ஏப்ரலும் ரெக்கார்டுக் கடை நாள் வரும். அன்றைக்கு மட்டும் விற்கிற அபூர்வ இசைத்தட்டுகளுக்காக விடியுமுன்பே கடை வாசலில் வரிசை நிற்கும். எல்லாம் தொப்பையும் தாடியுமாக ஆண்கள். நடுவில் மடக்கு நாற்காலியும் மழைக்கோட்டுமாக தெல்மா. அழித்ததில் ஒன்று திரும்பி வந்தால் அவள் அங்கே இருந்தாள். இப்படி முப்பத்தோரு தட்டு அவள் வீட்டு அலமாரியில் சேர்ந்தது. லாக்கீப்பர்ஸ் மட்டும் வரவில்லை.

போன ஏப்ரலில் வந்தது.

அன்று அவளுக்கு முன்னால் நின்றவன் ட்ரெவர், கொத்தனார், ஆறடி உயரம், எந்தக் குழு எந்தத் தேதியில் எந்த வானொலியில் என்ன பாடியது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான். எட்டு வருஷமாக வரிசையில் அவள் சிநேகிதன். ஃப்ளாஸ்க்கைத் திறந்து அவளுக்கு டீ ஊற்றினான்.

"நாடு முழுக்க முந்நூறு காப்பிதான் தெல்மா. டங்கனுக்கு நாலே நாலு. எனக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணு, மீதி ரெண்டுக்கு இவனுங்க அடிச்சிக்கட்டும்."

"டீயில சர்க்கரை கம்மி கண்ணு."

"இதுவும் யாரோ பையன் வீட்டுல பதிஞ்சதுதான். ஒரிஜினல் டேப்பை எந்தப் புண்ணியவாளனோ அழிச்சுட்டான். அவன் மட்டும் என் கையில கெடைக்கட்டும்..."

"கெடைச்சா என்ன பண்ணுவ?"

"இந்தக் கடல்ல முக்கி முக்கி எடுப்பேன்."

"தண்ணி ஜில்லுனு இருக்கும். நீயும்ல நனையணும்" என்றாள் தெல்மா. சொல்லும்போது காது சிவந்தது. நல்லவேளை, அந்த நேரம் பார்த்து ஒரு கடற்காகம் ட்ரெவர் கையிலிருந்த பேக்கன் ரோலை லவட்டிக்கொண்டு போக, வரிசை முழுக்கச் சிரித்ததில் அவள் காதை யாரும் கவனிக்கவில்லை.

எட்டு மணிக்குக் கதவைத் திறந்தான் டங்கன். உள்ளே போனால் ஒரு ஆச்சரியம். கல்லாப் பக்கத்தில், கால் ஆடுகிற பழைய ஸ்டூல் ஒன்றில், காது மிஷினோடு மெலிந்த பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். "இவர் யார்னு தெரியுமா? லாக்கீப்பர்ஸ் டிரம்மர், நெவில் க்ராப்ட்ரீ. பெக்ஸ்ஹில்ல மகள் வீட்டுல இருக்கார். கையெழுத்துப் போட வந்திருக்கார்" என்று டங்கன் கல்யாண வீட்டுக்காரன்போலப் பூரித்தான்.

தெல்மா அவர் முகத்தையே பார்த்தாள். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் பார்த்த பையன். அதே கூர் மூக்கு. கையெழுத்துக்குத் தட்டை நீட்டினாள்.

டங்கன் கடைசிப் பாட்டைப் போட்டான். பத்துப் பன்னிரண்டு பேர், மூச்சுவிடும் சத்தம் இல்லை. ஊசி இரைந்தது. 'தண்ணீர் ஏறட்டும்.' ஐம்பத்தைந்து வருஷம் கழித்து லென்னியின் குரல், அதே அவசரமின்மையோடு! தெல்மா கண்ணை மூடிக்கொண்டாள். கிதார் நின்றது, டிரம்ஸ் நின்றது, முதல் சுரம்... "நன்றி லாக்கீப்பர்ஸ், அடுத்து செய்திகள்" என்றார் அந்தப் படுபாவி அறிவிப்பாளர். ஊசி வெறும் வட்டத்தில் டிக், டிக் என்று சுற்றியது.

எதிர்பார்த்ததுதான்.

"இதோ, இந்த இடத்துலதான் எப்பவும் நிக்குது" என்றார் நெவில்.

"அதுக்கப்புறம் என்ன நெவில்? எப்படி முடியும்?" என்று கேட்டான் ட்ரெவர்.

"தெரியலப்பா. அதை லென்னி அங்கேயே அந்த நிமிஷம் புதுசா இழுத்தான். ஒத்திகையில கெடையாது. மறுநாள் மேடையில பாடுடான்னா, 'அது அங்கேயே முடிஞ்சுபோச்சு'ன்னுட்டான். அப்புறம் அவனே போயிட்டான். மத்த ரெண்டு பேரும் போயிட்டாங்க. அவன் தங்கச்சி வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு போன் பண்ணுவா. 'நெவில், ஞாபகம் வந்துச்சா?'ன்னு கேப்பா." பெரியவர் காது மிஷினைத் தட்டினார். "இந்தக் காதும் போய்க்கிட்டே இருக்கு. இனிமே எங்க வரப்போவுது?"

"எல்லாம் அந்த டேப்பை அழிச்ச நாசமாப் போறவனால" என்றான் ட்ரெவர்.

"அவன் இல்ல. அவ" என்றாள் தெல்மா. "நான்தான்."

யாருக்கும் புரியவில்லை. டங்கன் சிரிக்கப்போய் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். தெல்மா சொன்னாள். அடித்தளம், காந்தம், வெள்ளைச் சீட்டு, பெட்டி மாற்றியது, ரோஜாச்செடி, நாற்பது பெட்டி, எல்லாம். ஐம்பத்தைந்து வருஷமாக மூடிவைத்தது ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. சொல்லி முடித்தபோது ட்ரெவரின் முகம் சுண்டிப்போயிருந்தது.

"எட்டு வருஷம்!" என்றான். "எட்டு வருஷமா என் பக்கத்துல நின்னு என் டீயைக் குடிச்சிக்கிட்டு, 'ஆமா கண்ணு, ஆமா கண்ணு'ன்னு தலையாட்டிக்கிட்டு... சர்க்கரை கம்மின்னு வேற!"

"தப்புதான் ட்ரெவர். ஆனா அந்த முடிவைக் கடைசி வரைக்கும் கேட்டவ நான். எனக்கு அது தெரியும்."

"அப்படித்தான் சொல்லுவீங்க. யார் வேணா சொல்லலாமே? எதையாவது முனகிட்டு இதுதான்னு சொன்னா, நாங்க எதை வச்சுச் சரிபார்க்கிறது? அதான் அழிச்சாச்சே!"

நியாயமான கேள்வி. கடையே தெல்மாவைப் பார்த்தது. அவள் நெவிலைப் பார்த்தாள்.

"உங்க ஸ்டூல் கீச்சு கீச்சுனு சத்தம் போட்டுச்சு. அதுக்காக அன்னைக்கு ரெண்டு தடவை திட்டினதாப் பதிவாளர் அப்புறம் சொன்னார். லென்னி கையைக் காட்டினப்போ நீங்க பாதி எழுந்திருச்சிருந்தீங்க. உக்காந்தா சத்தம் வரும்னு அப்படியே அந்தரத்துல நின்னீங்க. முடியுற வரைக்கும். உங்க முட்டி நடுங்குச்சு."

நெவில் க்ராப்ட்ரீ தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலைக் குனிந்து பார்த்தார்.

"அதை யாருகிட்டயும் நான் சொன்னதில்ல" என்றார். "லென்னி எனக்கு முதுகைக் காட்டி நின்னான். அவனுக்கே தெரியாது." ஸ்டூலை அவள் பக்கமாகத் திருப்பிக்கொண்டார். "பாடும்மா."

இப்போதுதான் தெல்மாவுக்குப் பயம் வந்தது. அழித்தேன் என்று சொல்ல வராத பயம். மனசுக்குள் இருக்கிறவரைக்கும் அது லென்னியின் குரல். வாயைத் திறந்து இந்த எழுபத்து நாலு வயசுத் தொண்டையில் போட்டு, அது தப்பாக வந்து, அந்தத் தப்பே மனசில் ஒட்டிக்கொண்டால்? மிச்சம் இருக்கும் ஒரே பிரதியையும் அவளே அழித்ததாகிவிடும். டங்கன் ஊசியைத் தூக்கி வைத்தான். டிக், டிக் சத்தம் நின்றது.

அப்போது ட்ரெவர் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தான். பதிவு செய்கிற பொத்தானை அழுத்தி, கல்லாமேல் அவள் முன்னால் வைத்தான். பிறகு டங்கனிடம் கையை நீட்டி அவன் போனையும் வாங்கி அதையும் அழுத்தி வைத்தான்.

"ரெண்டு போன்ல பதியுது" என்றான், அவளைப் பார்க்காமல். "ஒண்ணு போனாலும் ஒண்ணு இருக்கும். பாடுங்க."

தெல்மா கல்லா விளிம்பைத் தள்ளுவண்டிக் கம்பியைப் பிடித்ததுபோலப் பிடித்துக்கொண்டாள். வாயை மூடி முதல் சுரத்தை முனகினாள். கரகரப்பாகத்தான் வந்தது, ஆனால் சரியான இடத்தில் வந்தது. நின்றாள், மூச்சு விட்டாள். இரண்டாவது. மூன்றாவதில் குரல் பிசிறியது, விடவில்லை. நாலாவது ஏறும்போது ட்ரெவர் தன் பெரிய கையால் வாயைப் பொத்திக்கொண்டான். ஐந்து. ஆறு. நெவில் கண்ணை மூடியிருந்தார், தலை அசைந்தது, அடுத்த சுரம் எது என்று அவருக்கு முன்கூட்டியே தெரிந்ததுபோல. அவரை அறியாமலே அந்தப் பெரியவர் ஸ்டூலிலிருந்து பாதி எழுந்தார். எழுந்தவர் அப்படியே அந்தரத்தில் நின்றார்.

ஏழாவது சுரம். அங்கே எவ்வளவு நேரம் நிற்க வேண்டுமோ அவ்வளவு நேரம் நின்றாள். எட்டாவதற்கு மூச்சை இழுத்தாள், பாடாமல் விட்டாள்.

கடையில் ஒருவரும் அசையவில்லை. வெளியே கடற்காகங்கள்கூட அந்த நேரம் கத்தவில்லை என்று டங்கன் இன்றைக்கும் சாதிக்கிறான், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் அங்கே இருந்த பன்னிரண்டு பேரும் அந்தப் பாடாத சுரத்தைக் கேட்டதாகச் சொல்கிறார்கள், அதை நான் நம்புகிறேன். ஐந்து நொடி. எட்டு நொடி. காது மங்கிய நெவிலின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. முட்டி கடகடவென்று ஆடியது. பத்து நொடியும் முடிந்தது.

"அதேதான்" என்று முணுமுணுத்தார். "இப்ப உக்காரலாமாம்மா?"

"உக்காருங்க நெவில். முடிஞ்சுது."

உட்கார்ந்தார். டங்கனின் ஓட்டை ஸ்டூல் கடை முழுக்கக் கேட்கும்படி கீச் என்றது. யாரோ விக்கினார்கள், யாரோ சிரித்தார்கள். ட்ரெவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு போன்களையும் எடுத்து நிறுத்தினான். ஒன்றைக் காதில் வைத்துக் கேட்டுப் பார்த்தான்.

"வந்திருக்கு. லென்னி தங்கச்சிக்கு இன்னைக்கே அனுப்பிடலாம்" என்றான். பிறகு, அவளிடம் கோபித்துக்கொண்டதற்கப்புறம் முதல் தடவையாக, அவளை நிமிர்ந்து பார்த்தான். "கடைசில அந்த ஸ்டூல் சத்தமும் விழுந்திருக்கு தெல்மா. அதை மட்டும் அழிச்சிடட்டுமா?"

"வேண்டாம் கண்ணு" என்றாள் தெல்மா. "ஒண்ணையும் அழிக்காத."